கேளுங்க, சொல்றேன்: அரசாங்கம் சாமான் வாங்குறதும் பச்சைக் கணக்கும்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்காவாசி ஒரே விஷயம்தான். பெரொலெஹான் ஹிஜாவ், அதாங்க, அரசாங்க இலாகாங்க சாமான் வாங்கும்போது விலைய மட்டும் பார்க்காம சுற்றுச்சூழலையும் பார்த்து வாங்கணும்ங்கிற சமாச்சாரம். கடைக்காரங்க, கிராணிங்க, டீச்சருங்கன்னு ஆளாளுக்கு அவங்க பக்கத்துல இருந்து கேட்டிருக்கீங்க, அதனால வேற கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், ஈபிஎஃப் சேமநிதி பத்தி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, செந்தூல்ல சின்னதா ஸ்டேஷனரி கடை வச்சிருக்கேன். ஒரு இலாகாவுல இருந்து ஏ4 பேப்பருக்கு செபுட் ஹர்கா, அதாவது விலை கேட்டு கடிதம் வந்துச்சு, ஸ்பெக்ல (பொருள் எப்படி இருக்கணும்ங்கிற விவரம்) மைஹிஜாவ்ங்கிற பச்சைப் பொருள் பட்டியல்ல பதிவான பொருளா இருக்கணும்னு போட்டிருக்கு. நான் எப்பவும் குடுக்குற பேப்பரு மலிவு, நல்லாவும் இருக்கும். சின்ன வியாபாரிங்கள ஓரங்கட்டத்தான் இதெல்லாமா?
(கடைக்காரர், செந்தூல்)

ஓரங்கட்டுற வேலை இல்ல தம்பி, ஆனா நீங்க கொஞ்சம் அலையணும், அது உண்மை. முதல்ல ஒரு பயத்த விடுங்க, மைஹிஜாவ்ங்கிறது உங்க கடைக்கு வாங்க வேண்டிய லைசன்ஸ் இல்ல, அது பொருளோட பேருல இருக்குற பதிவு. பேப்பர் தயாரிக்குறவரோ இங்க கொண்டு வந்து விக்குற ஏஜென்டோ முதல்ல தரம் பாக்குற சிரிம் நிறுவனத்தோட ஈகோ லேபிள் மாதிரி ஏதாவது அங்கீகாரம் வாங்கியிருக்கணும், அத காட்டித்தான் மைஹிஜாவ்ல பேரு ஏறும். லிஸ்ட் நெட்ல எல்லாரும் பார்க்குற மாதிரியே இருக்கு. நீங்க செய்ய வேண்டியது ஹோல்சேல்காரர புடிச்சு சான்றிதழ் காப்பி கேக்குறதுதான்.

கேட்டு வாங்குனதும் அப்படியே ஃபைல்ல சொருகிடாதீங்க, மூணு விஷயம் பாருங்க. பொருளோட முழுப் பேரு, எத்தன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளு எத்தன கிராம்ங்கிற கணக்கு), சான்றிதழ் எப்ப காலாவதி. ஒரே பிராண்டுல ஒரு வகை பதிவாகியிருக்கும், அதே கலர் அட்டைய சுத்தி வர்ற இன்னொரு வகை பதிவாகியிருக்காது, பாதி பேரு மாட்டுறது இங்கதான். தேதி முடிஞ்ச சான்றிதழ ஒட்டி அனுப்புனா உங்க விலை எவ்வளவு மலிவா இருந்தாலும் அந்த ஃபைல் மேல போகாது.

இது நேத்து முளைச்ச ரூலும் இல்ல. பசுமைத் தொழில்நுட்பக் கொள்கை 2009-லேயே வந்துடுச்சு, அதுக்கப்புறம் 2013, 2014 வாக்குல சில அமைச்சுங்கள்ல ஆரம்பிச்சு பாத்தாங்க, 11-ஆவது மலேசியத் திட்டத்துல 2020-க்குள்ள குறிப்பிட்ட பொருளுங்கள்ல 20 விழுக்காடு பச்சையா வாங்கணும்னு இலக்கே வச்சாங்க, அடுத்த திட்டத்துல அது 2025-க்குள்ள 25 விழுக்காடா ஏறுச்சு. பேப்பர், லைட்டு, கொம்பியூட்டர், பெயிண்ட்டு, கிளீனிங் சர்வீஸ், இந்த மாதிரி எல்லா ஓபிஸும் வருஷா வருஷம் வாங்குற சாமானுங்கள்லதான் முதல்ல கை வச்சாங்க. அதனால இந்த ஒரு செபுட் ஹர்காவ விட்டுட்டா போச்சுன்னு நினைக்காதீங்க, அடுத்ததுலயும் இதே வரி வரும்.

பேப்பர் விக்குறவரு நீங்க, ஒரு கணக்கு சொல்றேன், இலாகாக்காரங்க கிட்ட பேசும்போது உதவும். 80 ஜிஎஸ்எம் ஏ4 ஒரு ரீம், 500 தாளு, கிட்டத்தட்ட 2.5 கிலோ. அதே ரீம் 70 ஜிஎஸ்எம்ல 2.2 கிலோவ தொடாது. எட்டுல ஒரு பங்கு கூழு மிச்சம், ஓபிஸுக்குள்ளயே சுத்துற மெமோவுக்கும் மீட்டிங் மினிட்டுக்கும் 80 எதுக்கு? மேல போற கடிதத்துக்கு மட்டும் 80 வச்சுக்கிட்டு மத்ததுக்கு 70 கேட்டா அவங்களுக்கும் காசு மிச்சம், உங்களுக்கும் லோரில வெயிட்டு குறையும். ரெண்டு பக்கமும் பிரிண்ட் பண்ண வச்சா இன்னும் குறையும், ஆனா அத நீங்க சொன்னா உங்க வியாபாரமும் சேர்ந்து குறையும், சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

கேள்வி: பெட்டியில பச்சை இலை படம் போட்டு "இயற்கைக்கு உகந்தது"ன்னு எழுதியிருந்தா நம்பலாமா?
(வாசகி, பங்சார்)

இலைய யாரு வேணாலும் வரையலாங்க. சிரிம் ஈகோ லேபிள், கரண்டு சிக்கனத்துக்கு எனர்ஜி கமிஷன் குடுக்குற நட்சத்திர ஸ்டிக்கர், பைப்புக்கும் ஃப்ளஷ்ஷுக்கும் ஸ்பான்ங்கிற தண்ணி சேவை ஆணையம் குடுக்குற தண்ணி சிக்கன லேபிள், இதுக்கெல்லாம் பின்னால யாரோ ஒருத்தர் டெஸ்ட் பண்ணியிருப்பாங்க. வெறும் இலைக்குப் பின்னால டிசைனர்தான் இருப்பாரு.

இதுல ரொம்ப ஏமாத்துனது "மக்கிப்போகும்"னு சொல்லி வித்த ஒக்ஸோ பிளாஸ்டிக் பை. வெயில்ல பட்டா அது தூள் தூளாத்தான் உடையும், மக்குறது வேற கதை. ஐரோப்பிய யூனியன்ல 2019-ல சட்டம் போட்டு 2021 ஜூலையில இருந்து அத விக்கவே கூடாதுன்னுட்டாங்க.

கேள்வி: சார், நான் ஒரு இலாகாவுல ஸ்டோர் பக்கம் கிராணியா இருக்கேன். ஏர்கோன் மாத்தணும். 5 நட்சத்திரம் போட்டது விலை கூட, 2 நட்சத்திரம் மலிவு. மலிவ விட்டுட்டு கூடுனத வாங்குனா நாளைக்கு ஆடிட்ல என் பேரத்தானே கேப்பாங்க? பாஸ் வேற "சேஃபா பண்ணு"ங்கறாரு.
(பேர் வேண்டாம், கோலாலம்பூர்)

பேர் வேண்டாம்னு எழுதுனதுலயே உங்க நிலைமை புரியுது. நான் பார்த்த வரைக்கும் பச்சைக் கொள்முதல் படுத்துக்கிற இடம் இதுதான், மேல மந்திரி பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கும், கீழ கையெழுத்துப் போடுறவங்களுக்கு ஆடிட் பயம்.

முதல்ல கணக்கு போட்டுடுவோம். எல்லாம் ஒரு உதாரணத்துக்குத்தான், உங்க மாடல் நம்பர வச்சு நீங்களே திருப்பி போட்டுக்கணும். மலிவு ஏர்கோன் 1,200 வெள்ளி, ஓடும்போது சராசரியா 1.2 யூனிட் கரண்டு ஒரு மணிக்கு. நல்ல இன்வெர்ட்டர் ஏர்கோன் 1,800 வெள்ளி, மணிக்கு 0.8 யூனிட். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 வேலை நாள்னு வச்சா வித்தியாசம் 800 யூனிட். யூனிட்டுக்கு 50 சென்னு போட்டா வருஷம் 400 வெள்ளி. கூட குடுத்த 600 வெள்ளி ஒன்றரை வருஷத்துல திரும்ப வந்துடுச்சு, ஏர்கோன் எப்படியும் எட்டு பத்து வருஷம் ஓடும், மிச்சமெல்லாம் லாபம். பிரச்சினை என்னன்னா வாங்குற காசு ஒரு வோட்ல (பட்ஜெட்ல ஒதுக்குன ஒரு தலைப்பு) இருந்து போகுது, கரண்டு பில் இன்னொரு வோட்ல இருந்து போகுது, ரெண்டையும் சேர்த்துப் பாக்குற மேசை பல ஓபிஸ்ல கிடையாது. மலிவா வாங்குனவருக்கு சபாஷ், பில் கட்டுறவருக்கு தலைவலி, ரெண்டு பேரும் ஒரே கெண்டின்ல டீ குடிப்பாங்க, ஆனா இத பத்தி பேச மாட்டாங்க.

இப்ப உங்க ஆடிட் பயத்துக்கு வர்றேன். விலை வந்தப்புறம் "இது பச்சை, அதனால கூட குடுத்து வாங்குறோம்"னு நோட் எழுதாதீங்க, அப்படி எழுதுனா கண்டிப்பா கேப்பாங்க, கேக்கவும் வேணும். விலை கேக்குறதுக்கு முன்னாடியே ஸ்பெக்ல குறைஞ்சது 5 நட்சத்திரம்னு போட்டுடுங்க. அப்ப வர்ற எல்லாமே 5 நட்சத்திரம்தான், அதுல மலிவ எடுத்தா நீங்க மலிவத்தான் வாங்குனீங்க, யாரும் கை நீட்ட முடியாது. பிராண்டு பேர மட்டும் மறந்தும் எழுதிடாதீங்க, அது கூடாதுன்னு உங்களுக்கே தெரியும், நட்சத்திரம், மின்சார அளவு, கூலிங் கேஸ் வகை, இப்படி அளக்க முடிஞ்சத மட்டும் எழுதுங்க. ஸ்பெக் போடுறதுக்கு முன்னாடி மார்க்கெட்ல அந்த தரத்துல எத்தன கம்பெனி பொருள் இருக்குன்னு பார்த்து ஒரு பக்கம் ஃபைல்ல வையுங்க, மேல நான் போட்ட கணக்கையும் உங்க நம்பரோட சேர்த்து பின்னால குத்தி வச்சுடுங்க. நாளைக்கு ஆடிட்டர் வந்தா பேச வேண்டியது நீங்க இல்ல, அந்த ரெண்டு தாளு.

இந்த மாதிரி சண்டை கோர்ட் வரைக்கும் போயிருக்கு, கதை ருசியானது, கேளுங்க. பின்லாந்துல ஹெல்சிங்கி நகராட்சி 1997-ல பஸ் ரூட்டுக்கு டெண்டர் விட்டுச்சு. விலைக்கு புள்ளி, அதோட சேர்த்து புகையில நைட்ரஜன் ஆக்ஸைடு குறைவா விடுற பஸ்ஸுக்கு கூடுதல் புள்ளி, வெளிய கேக்குற சத்தம் 77 டெசிபலுக்குக் கீழ இருந்தா அதுக்கும் கூடுதல் புள்ளின்னு போட்டாங்க. ஜெயிச்சது நகராட்சியோட சொந்த பஸ் கம்பெனி. தோத்த கொன்கோர்டியா பஸ்ங்கிற கம்பெனி, இந்த புள்ளி எல்லாம் அவங்க ஆளுக்காகவே போட்டது, எரிவாயுல ஓடுற பஸ் வச்சிருக்கறதே அவங்கதான்னு வழக்கு போட்டுச்சு. ஐரோப்பிய நீதிமன்றம் 2002 செப்டம்பர்ல தீர்ப்பு சொன்னப்ப, புகையையும் சத்தத்தையும் கணக்குல எடுக்கலாம், தப்பில்லன்னுச்சு. ஆனா நாலு நிபந்தனை போட்டாங்க. வாங்குற பொருளோட சம்பந்தம் இருக்கணும், டெண்டர் பேப்பர்லயே முன்கூட்டி எழுதியிருக்கணும், வாங்குறவரு இஷ்டத்துக்கு வளைக்குற மாதிரி இருக்கக் கூடாது, எல்லாரையும் சமமா நடத்தணும். அந்த கூடுதல் புள்ளிய எட்டிப் பிடிக்க சில பேராலதான் முடியும்ங்கிறதுக்காக மட்டும் அது பாரபட்சம் ஆகிடாதுன்னும் சொன்னாங்க.

நம்ம நாட்டுக்கு அந்த தீர்ப்பு செல்லாது, ஆனா அந்த நாலு நிபந்தனையும் எந்த ஊரு ஆடிட்டர் கேட்டாலும் தலையாட்டுற நிபந்தனை. உங்க பாஸ் கேட்ட "சேஃப்" அதுதான்.

கேள்வி: ஐயா, நான் பினாங்குல யுனிவர்சிட்டில படிக்கிறேன். அரசாங்கம் பச்சையா வாங்குனா மட்டும் மார்க்கெட்டே மாறிடுமா? எங்காவது அப்படி நடந்திருக்கா?
(மாணவி, குளுகோர்)

நடந்திருக்கும்மா. அமெரிக்காவுல எனர்ஜி ஸ்டார்னு ஒரு லேபிள் 1992-ல கொம்பியூட்டருக்கும் மோனிட்டருக்கும் ஆரம்பிச்சாங்க, சும்மா வைக்குறப்ப தூங்கிப்போற மெஷினுக்கு. அப்ப அது கம்பெனிங்க இஷ்டம்தான். அடுத்த வருஷம் அதிபர் கிளிண்டன் ஒரு உத்தரவு போட்டாரு, மத்திய அரசாங்க ஓபிஸுங்க இனிமே அந்த லேபிள் உள்ள கொம்பியூட்டரத்தான் வாங்கணும்னு. உலகத்துலேயே பெரிய கொம்பியூட்டர் கஸ்டமர் அப்படி சொன்னா எந்த கம்பெனி அரசாங்கத்துக்கு ஒரு மாடல், வீட்டுக்கு ஒரு மாடல்னு தனித்தனியா செஞ்சுக்கிட்டு இருக்கும், எல்லா மெஷினும் தூங்கப் பழகிடுச்சு. இன்னைக்கு உங்க லேப்டாப் தானா ஸ்கிரீன அணைக்குதே, அதுல அந்த கொள்முதல் உத்தரவுக்கும் பங்கு இருக்கு. அதே 1993-ல பேப்பருக்கும் உத்தரவு வந்துச்சு, ஓபிஸ் பேப்பர்ல மறுசுழற்சி கூழு முதல்ல 20 விழுக்காடு, பிறகு 30 விழுக்காடுன்னு.

ஜப்பான்காரன் இன்னும் கெட்டி. 2000-ல இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டு 2001-ல இருந்து நடத்துறான். மத்திய அமைச்சு ஒவ்வொன்னும் வருஷா வருஷம் என்ன வாங்கப் போறோம்னு வெளியிடணும், வருஷக் கடைசியில என்ன வாங்குனோம்னும் வெளியிடணும். எனக்கு அந்த சட்டத்துல புடிச்சதே அந்த ரெண்டாவது பாதிதான், சொல்றத எல்லா ஊர்லயும்தான் சொல்றாங்க. தென் கொரியாவும் 2005-ல இதே வழியில சட்டம் கொண்டு வந்துச்சு. தீசிஸ் எழுதுறதா இருந்தா இந்த ரெண்டு நாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஐரோப்பாவ எல்லாரும் எழுதிட்டாங்க.

கேள்வி: நம்ம ஊர்ல பஸ் எல்லாம் எப்ப எலக்ட்ரிக் ஆகும்?
(வாசகர், கெப்போங்)

சன்வே பிஆர்டி, அதாவது தனிப் பாதையில ஓடுற பஸ், 2015-ல ஆரம்பிச்சதே எலக்ட்ரிக் பஸ்ஸோடதாங்க, ஏறிப் பாருங்க, சத்தமே இருக்காது. மத்த ரூட்டுக்கு எப்பன்னு தேதி சொல்ல நான் மந்திரி இல்ல. ஒன்னு மட்டும், நம்ம கரண்டுல பெரும்பங்கு நிலக்கரியும் கேஸும் போட்டுத்தான் வருது, அதனால பஸ்ஸ மாத்துனதோட கதை முடியாது, ரோட்டோரம் நிக்குறவரு மூச்சு நல்லாருக்கும், அதுவே பெரிய விஷயம்தான்.

கேள்வி: வணக்கம். எங்க தமிழ்ப்பள்ளியில குழாய் லைட்ட எல்லாம் எல்இடியா மாத்த பி.ஐ.பி.ஜி.ல (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பேசிக்கிட்டு இருக்கோம். பழைய லைட்ட என்ன செய்யறது? குப்பைக்கு போட்டுடலாம்னு சிலர் சொல்றாங்க.
(ஆசிரியை, பிறை)

டீச்சர், நல்ல வேளை கேட்டீங்க, புதுசு வாங்குறத பத்தி பத்து பேரு பேசுவாங்க, பழசு எங்க போகும்னு ஒருத்தர் கேக்குறதே அபூர்வம். குப்பைக்கு போடவே போடாதீங்க. பழைய குழாய் லைட்டுக்குள்ள பாதரசம் இருக்கு. பாதரசம் கலந்த கழிவுக்கு 2005-ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதியில எஸ்டபிள்யூ 109-னு தனி எண்ணே இருக்கு, லைசன்ஸ் உள்ளவங்கதான் எடுத்துட்டுப் போகணும். உடைஞ்சுதுன்னா பிள்ளைங்கள வெளிய அனுப்பி ஜன்னல திறந்து வையுங்க, விளக்குமாறு போட்டு கூட்டாதீங்க, தூளு பறக்கும், அட்டையால அள்ளி ஈரத்துணியால ஒத்தி எடுத்து மூடி உள்ள டப்பாவுல போடுங்க.

வழி என்னன்னா, லைட்டு மாத்துற கன்ட்ராக்டர் கிட்ட விலை கேக்கும்போதே பழசு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் முறையா ஒப்படைச்ச ரசீத காட்டணும்னு ஒரு வரி சேர்த்துடுங்க. வேலை முடிஞ்சப்புறம் கேட்டா தனி காசு கேப்பாரு, இல்லன்னா சரி சரின்னு சொல்லிட்டு லோரிய திருப்புற முதல் முக்குல கொட்டிட்டுப் போயிடுவாரு. கடைசி பேமன்ட அந்த ரசீது வந்தப்புறம் குடுங்க. மாத்துறதையும் தள்ளிப் போடாதீங்க, பாதரசத்த கட்டுப்படுத்துற மினமாட்டா ஒப்பந்த நாடுங்க 2023-ல கூடி 2027-க்குள்ள குழாய் லைட்டு தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்துறதா முடிவு பண்ணிட்டாங்க, அதனால ஸ்பேர் கிடைக்குறதும் குறையும். எல்லா வகுப்பையும் ஒரே லீவுல மாத்த காசு இல்லன்னா அதிக நேரம் எரியற இடத்துல ஆரம்பிங்க, ஓபிஸ், ஆசிரியர் அறை, வெளிச்சம் வராத கீழ்த்தள வகுப்பு. மாசத்துக்கு ரெண்டு தடவை திறக்குற மண்டபம் கடைசியா இருக்கட்டும்.

கேள்வி: சும்மா கதை விடாதீங்க. பச்சை பச்சைன்னு மீட்டிங் போடுறாங்க, மேசைக்கு மேசை பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி வைக்குறாங்க, டிசம்பர்ல பட்ஜெட் முடிக்க வேணாத சாமான வாங்கிக் குவிக்கிறாங்க. இதெல்லாம் கண்துடைப்புதானே?
(கோபக்கார வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

கோபம் நியாயம்தாங்க, பாட்டில நானும் பார்த்திருக்கேன், பக்கத்துலயே வாட்டர் கூலரும் நிக்கும். பட்ஜெட் விஷயமும் ஊரறிஞ்சது. மேல சொன்ன 20, 25 விழுக்காடு எல்லாம் வாங்குன பொருள்ல எவ்வளவு பச்சைன்னுதான் பாக்குது, வாங்கவே வேணாம்னு விட்டத யாரும் எண்ணுறது இல்ல. நல்லா ஓடுற பிரிண்டர தூக்கிப் போட்டுட்டு மைஹிஜாவ் பிரிண்டர் வாங்குனா அறிக்கையில நல்ல மார்க்கு, பழசையே ரிப்பேர் பண்ணி இன்னும் மூணு வருஷம் ஓட்டுனா அறிக்கையில ஒன்னுமே இல்ல. எனக்கு இந்த முறையில பெரிய ஓட்டைன்னு படுறது இதுதான், பாட்டில் எல்லாம் கண்ணுக்குத் தெரியற சின்ன ஓட்டை.

அதுக்காக எல்லாமே கண்துடைப்புன்னு சொல்ல மாட்டேன். இத்தன வருஷம் கொள்முதல் எல்லாம் கருவூல உத்தரவு, சுற்றறிக்கைன்னுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல அரசாங்கக் கொள்முதல் மசோதா மக்களவையில நிறைவேறுச்சு. உங்க தொகுதி எம்.பி. உங்க ஊருக்கு வர்றப்ப இத கேளுங்க: எந்த இலாகா என்ன வாங்குச்சு, அதுல எவ்வளவு பச்சை, ஜப்பான்ல மாதிரி வருஷா வருஷம் இலாகா வாரியா வெளிய போடுவீங்களான்னு. பொன்னாடை போர்த்திட்டு வந்துடாதீங்க.

கேள்வி: அண்ணா, நான் ஒரு கவர்மெண்ட் பில்டிங்ல கிளீனிங் சூப்பர்வைசர். இனிமே ஈகோ லேபிள் கெமிக்கல்தான் பாவிக்கணும்னு கன்ட்ராக்ட்ல போட்டுட்டாங்க. எங்க அக்காங்க எல்லாம் "இதுல நுரையே வரல, அழுக்கு போகல"ன்னு இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு ஊத்துறாங்க, மாச ஸ்டாக் ரெண்டு வாரத்துல காலி. என்ன பண்ண?
(சூப்பர்வைசர், கோலாலம்பூர்)

கெமிக்கல் மேல தப்பு இருக்காதும்மா, அளவுலதான் இருக்கும். இந்த வகை பெரும்பாலும் கெட்டியா வரும், தண்ணி கலந்து பாவிக்கணும். பத்து லிட்டர் வாளிக்கு ஒரு மூடி போதும்னு லேபிள்ல இருந்தா அக்காங்க வாசனை வர்ற வரைக்கும் ஊத்துவாங்க, பழைய பழக்கம் அப்படி. நுரை வந்தாத்தான் சுத்தம்னு நம்ம எல்லாருக்கும் மனசுல பதிஞ்சு போச்சு, ஆனா நுரை குறைவா வர்ற மாதிரியே சிலத செய்யறாங்க, கழுவி விட தண்ணி கம்மியா போகட்டும்னு. அளவுக்கு மேல ஊத்துனா தரை பிசுபிசுன்னு ஆகும், பிசுபிசுப்புல தூசி ஒட்டும், அத பாத்துட்டு இன்னும் அழுக்குன்னு மறுபடியும் ஊத்துவாங்க.

சப்ளையர கூப்பிட்டு அளவு பம்ப்பு கேளுங்க, ஒரு அமுக்குக்கு இவ்வளவுதான் வரும்ங்கிற மாதிரி, நிறைய பேரு சும்மாவே குடுப்பாங்க. லேபிள் மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் இருக்கும், நீங்க தமிழ்ல, அங்க வேலை பாக்குற வங்காளதேச பையன் இருந்தா அவனுக்கும் புரியற மாதிரி, வாளி படமும் மூடி படமும் வரைஞ்சு ஸ்டோர் கதவுல ஒட்டுங்க. வாளிக்குள்ள பத்து லிட்டர் எங்க வருதுன்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க. சாமான் வர்ற அன்னைக்கு நீங்களே பெட்டிய பிரிச்சு கன்ட்ராக்ட்ல எழுதுன அதே பேருதானான்னு பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க, முதல் மாசம் ஈகோ லேபிள், மூணாவது மாசம் சத்தமில்லாம பழைய மலிவு சாமான்னு அனுப்புற சப்ளையர் இருக்காங்க. அப்படி வந்தா வாங்காதீங்க, டெலிவரி ஓர்டர்ல "பொருள் வேற"ன்னு எழுதி லோரிலேயே திருப்பி ஏத்தி விட்டுட்டு ஓபிஸுக்கு ஒரு போட்டோ அனுப்பிடுங்க.